பொரியாத எட்டு மூட்டை

ஒரு கைப்பிடி சோளத்தைக் காய்ந்த எண்ணெயில் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றேன். படபடவென்று வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது மூன்றே மூன்று சத்தம். மூடியைத் திறந்தால் மூன்று பொரி. மீதியெல்லாம் சட்டியின் அடியில் கருகிக் கிடந்தது.

வாசற்படியிலிருந்து என் வீட்டுக்காரர் அன்புச்செல்வன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தேவி, ஆளுக்கு ஒண்ணு வருமா?"

"போங்க அந்தாண்ட" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழுவதற்கு அந்தச் சட்டியையே தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் விஜயலட்சுமி அக்காவின் பாப்கார்ன் கடையில் நின்றபோது அது முற்றிவிட்டது. நைனார்பாளையத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். வருடா வருடம் மக்காச்சோளம் போட்டு, கோழித்தீவன மில்லுக்கு அனுப்புகிறோம். அந்தச் சோளத்தை வறுத்தால் கருகும். அக்கா கடைச் சோளம் மட்டும் எப்படி மல்லிகைப் பூவாக மலர்கிறது? கேட்டேன். "அது வேற ரகம்மா, தோலு கெட்டி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனித்தார். தோல் கெட்டியாக இருந்தால் பொரியுமா? அப்படியென்றால் புளியங்கொட்டை ஏன் பொரியவில்லை?

ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். மக்காச்சோளம் நம் ஊர்ப் பயிரே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று தெரிந்துகொண்டேன். மிளகாயும் மரவள்ளியும்கூட அப்படித்தானாம். மிளகாய் வராத காலத்தில் நம்மவர்கள் குழம்புக்கு என்ன செய்தார்கள் என்று அரை நாள் யோசித்து, மிளகு என்று விடை கண்டுபிடித்தபோது சோறு அடிப்பிடித்துவிட்டது. பெரு என்கிற நாட்டில் கடற்கரை ஓரம் தோண்டியபோது ஆறாயிரம் வருடத்துக்கு முந்தைய கதிர்கள் கிடைத்திருக்கின்றன. அப்போதே அங்கே சோளத்தைப் பொரித்துத் தின்றிருக்கிறார்கள். மாவாக அரைப்பதற்கு முன்பே மனிதன் பொரித்துப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. நெருப்பில் தவறி விழுந்த ஒரு மணி வெடித்து மூக்கில் பட்டிருந்தால், எடுத்துத் தின்றுதானே பார்ப்பான்?

படித்தது போதாமல், அந்தப் பொரிகிற ரகத்தை நாமே பயிர் வைத்துப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். வீட்டில் பூகம்பம். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது.

"அரை ஏக்கர் தர்றேன். தேறலன்னா அதுக்கப்புறம் நெலத்தப் பத்தி நீ வாயத் தொறக்கக்கூடாது."

"தேறிச்சுன்னா?"

"மொதல்ல தேறட்டும்."

பதின்மூன்று வருடமாக அந்த நிலத்தில் விதை போடுகிறேன், களை எடுக்கிறேன், கதிர் ஒடிக்கிறேன். என்ன பயிர் வைக்கலாம் என்று ஒரு நாளும் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த அரை ஏக்கரை வாங்கினேன். இப்போது எட்டு மூட்டை சோளம் கூடத்தில் அடுக்கியிருக்கிறது. சனிக்கிழமை விஜயலட்சுமி அக்கா வந்து நூறு மணியை எண்ணிப் போட்டுப் பொரித்துப் பார்ப்பார். தொண்ணூறு பொரிந்தால் எட்டையும் எடுத்துக்கொள்வார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் கையில் மூன்று பொரி.

முதலில் விதைக் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு எண்ணெயை, அடுப்பை, சட்டியை. இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சிப் போட்டும் பார்த்தேன். மணல்தான் வாசம் வந்தது. சாயங்காலம், கல்வராயன் மலையில் இருக்கிற என் சினேகிதி வெள்ளச்சிக்குக் கொடுக்க நான்கு கதிரை மட்டையோடு எடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. ஒன்றை உரித்து, இருபது மணியைச் சட்டியில் போட்டேன்.

பதினெட்டு வெடித்தது. மூடி துள்ளி விழுந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். ஒரு கிண்ணத்துச் சோளம் வெடிக்கிறது, இன்னொரு கிண்ணத்துச் சோளம் கருகுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யோசித்தால் ஒன்றே ஒன்றுதான். இது காட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தது. அது ரோட்டுக்குப் போய் வந்தது.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சோளத்தைத் தார் ரோட்டில்தான் கொட்டிக் காயவைப்போம். அதில் என் வீட்டுக்காரரை அடிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் மூன்று நாள் காயவைத்தால் இவர் ஆறு நாள். அரை மணிக்கு ஒரு தரம் காலால் கிண்டிவிடுவார். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்து, டொக்கென்று சத்தம் வந்தால்தான் மூட்டையில் அள்ளுவார். என் சோளத்தின் மேல் அவருக்கு ஆயிரம் கடுப்பு இருந்தும், அதையும் ஒரு வார்த்தை பேசாமல் ஆறு நாள் கிண்டிக் காயவைத்துக் கொடுத்தார். அந்த மனுஷனை முழுசாகத் திட்டவும் முடியாது.

பஸ் சக்கரம் ஏறி மணியில் விரிசல் விட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. விரிசல் விட்டால் பொரியாது என்று படித்திருந்தேன். எங்கள் பையனின் நீல மையைத் தண்ணீரில் கரைத்து ஐம்பது மணியை ஊறவைத்துத் துடைத்தேன். விரிசல் இருந்தால் நீலக் கோடு தெரியும். ஐந்து மணியில் தெரிந்தது. ஐந்து மணி செய்த குற்றத்துக்கு ஐம்பதும் பொரியாமல் போகுமா? மை பூசிய கையோடு அன்று பரிமாறி, அதற்கும் பேச்சு வாங்கினேன்.

திங்கட்கிழமை இரண்டு சோளத்தையும் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமைகளில் வெள்ளச்சி சாமை அரிசி விற்க மலையிலிருந்து இறங்குவாள். ஒரு சிறுதானியப் பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமானவள். அவளையும் இழுத்துக்கொண்டு, நாங்கள் வழக்கமாகச் சோளம் போடும் மண்டிக்குப் போனேன். அங்கே மணியில் ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற மீட்டர் இருக்கிறது. அதை வைத்திருக்கிற அஜித்குமார் முதல் பையைக் கொட்டி, எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"ஒம்போதரை! அண்ணன் காயவெச்சா சும்மாவா? இந்த வருசத்துலயே இதாங்க்கா கம்மி."

இரண்டாவது பையைப் போட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

"பதினாலு. இது சரியா காயல. இன்னும் ரெண்டு நாளு ரோட்டுல போடுங்க."

நான் வாயைப் பிளந்து நின்றேன். அவன் எழுந்து நின்று பாராட்டிய சோளம் பொரியவில்லை. அவன் உதட்டைப் பிதுக்கிய சோளம் மூடியைத் தள்ளிக்கொண்டு வெடித்தது. படித்ததெல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. மணிக்குள் இருக்கிற துளித் தண்ணீர்தான் சூட்டில் ஆவியாகிறது. கெட்டித் தோல் அதை வெளியே விடாது. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி உள்ளே முட்டி முட்டி, தாங்காமல் ஒரு நொடியில் வெடிக்கிறது. உள்ளே வெந்து குழைந்த மாவு நுரைத்து வெளியே வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் ஆறு நாள் நின்று, அரை மணிக்கு ஒரு தரம் கிண்டி, வெளியேற்றியிருக்கிறோம். மில்லுக்குப் போகிற சோளத்துக்கு எது பெருமையோ அதுவே பொரிக்கிற சோளத்துக்கு எமனாகிவிட்டது.

மண்டி வாசலில் நின்று வெள்ளச்சியிடம் இதைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

"இதுக்கா அழுவுற? எங்க ஊருல செஞ்சோளம் பொரிக்கறதுன்னா மொத நாளே தண்ணி தெளிச்சு, துணியில கட்டி வெச்சுடுவோம். காலைல சட்டியில போட்டா பூத்துடும்."

"எவ்ளோ தண்ணி?"

"கையில அள்ளுனா ஒட்டணும், சொட்டக்கூடாது."

"ஏன் தண்ணி தெளிக்கறோம்னு தெரியுமா?"

"எல்லாரும் தெளிச்சாங்க, நானும் தெளிச்சேன்."

ஆவி விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. "அதானா சங்கதி!" என்றவள், சாமை மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ சாமை மட்டும் ஏன் சோளங்கணக்கா பூக்க மாட்டேங்குது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸை விட்டுவிட்டு அதையே பேசிக்கொண்டு நின்றோம். எனக்கென்று இந்த உலகத்தில் இப்படி ஒருத்தியாவது இருக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலையே ஒரு படி சோளத்தில் தண்ணீர் தெளித்துத் துணியில் கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பொரித்தால் புஸ்ஸென்று பாதி வாயைத் திறந்து நின்றுவிட்டது. மென்றால் ரப்பர். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். மேலே நமுத்திருந்தது, உள்ளே கல். செஞ்சோளம் சின்ன மணி, ஒரு ராத்திரியில் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. என் சோளம் பெரியது, தோல் வேறு கெட்டி. ஒரு நாள் போதாது. துணியில் கட்டினால் பாதி ஈரம் காற்றோடு போய்விடும். ஆகவே மூடின டப்பாவில் போட்டு, குலுக்கிக் குலுக்கி, பொறுமையாக உள்ளே இறக்க வேண்டும். அளவும் கைக்கணக்காக இருக்கக் கூடாது. ஈரத்தை ஒன்பதரையிலிருந்து பதினாலுக்கு ஏற்ற, கிலோவுக்கு ஐம்பது மில்லிக்குச் சற்று மேலே தண்ணீர் வேண்டும். பையனின் நோட்டில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் அதே விடை. இருமல் மருந்து பாட்டிலின் மூடி பத்து மில்லி பிடிக்கும். ஒரு கிலோ சோளத்துக்கு ஐந்து மூடி ஊற்றி டப்பாவில் அடைத்தேன்.

புதன்கிழமை காலை நூறு மணி போட்டேன். அறுபது பொரிந்தது. ஒரே நாளில் அறுபது என்றால் மூன்று நாளில் தொண்ணூறைத் தொடும். ஆனால் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு மூட்டையில் கை வைக்க நேரமில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். எட்டு மூட்டையையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டேன். நான்கு நீல டிரம்மைக் கழுவித் துடைத்துச் சோளத்தைக் கொட்டினேன். முதல் டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொம்பைச் சாய்த்தபோது பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கியது.

"இன்னா பண்ற நீ?"

என் வீட்டுக்காரர்தான். அப்படியொரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தண்ணி ஊத்தறேங்க. இது பொரியணும்னா..."

"சோளத்துல தண்ணி ஊத்தறதா? எங்க வூட்டுலயா?" சொம்பைத் தூக்கி எறிந்தார். அது முற்றத்தில் உருண்டது. "எது வேணா பண்ணு. இது மட்டும் பண்ணாத."

எனக்கும் ஏறிவிட்டது. "இன்னா பெரிய எங்க வூடு? காயவெச்சுக் காயவெச்சுத்தான் கெடுத்தீங்க. மீட்டர்க்காரன் கை தட்டணும், அதானே உங்களுக்கு?"

அவர் டிரம்மின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் அப்போ ஆறாவது. எங்கப்பா எடை ஏத்தறதுக்கு மூட்டையில தண்ணி தெளிச்சாரு. எல்லாரும்தான் தெளிச்சாங்க, மாட்னது அவரு. யாவாரி கைய வுட்டுப் பாத்துட்டு பன்னெண்டு மூட்டையையும் நடு ரோட்டுல அவுத்துக் கொட்டிட்டான். ஊரே நின்னு பாத்துச்சு. எங்கப்பா கையால வாரினாரு. நானும் வாரினேன். எதிர் வூட்டு பூமாலைதான் எங்களுக்குத் தண்ணி வூடுன்னு பேரு வெச்சான். அந்தப் பேரு போறதுக்கு இத்தினி வருசம் காயவெச்சேன்."

பதின்மூன்று வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ரோட்டில் நின்று காலால் கிண்டுகிறவரைப் பார்த்து நான் எத்தனை தரம் சிரித்திருப்பேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

சமாதானம் சொல்லத் தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் முன்னாலேயே காய்ந்த சோளத்தில் ஒரு பிடியும், டப்பாச் சோளத்தில் ஒரு பிடியும் பொரித்து இரண்டு கிண்ணத்தில் வைத்தேன்.

"எடைக்கு ஊத்தலீங்க. மொத்தமா இருபது லிட்டர்தான். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே எடைபோட்டு வெச்சிருக்கேன். அந்த எடைக்குத்தான் குடுக்கப் போறோம்."

அவர் இரண்டு கிண்ணத்தையும் பார்த்தார். எழுந்து போய்விட்டார். நான் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரை மீறி ஊற்றவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் திரும்பி வந்தார். சொம்பைத் தேடி எடுத்துக் கழுவினார்.

"கிலோவுக்கு எவ்ளோன்னு சொன்ன?"

அவரே அளந்து ஊற்றினார். அதன் பிறகு மூன்று நாளும் காலை, மதியம், மாலை டிரம்களைப் படுக்கவைத்து முற்றம் முழுக்க உருட்டினார். யாராவது வந்தால் நிறுத்திவிட்டு மாட்டைப் பார்க்கப் போவது போலப் போவார்.

சனிக்கிழமை விஜயலட்சுமி அக்கா சின்ன கேஸ் அடுப்பும் சட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயிலுக்கு வேப்பமரத்தடியில், ரோட்டோரமாகவே அடுப்பை வைத்தார். சோளம் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பூமாலையும் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

அக்கா நூறு மணியை எண்ணினார். எண்ணெய் காய்ந்தது. சட்டியில் விழுந்ததும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று வெடித்தது, இரண்டு வெடித்தது, அப்புறம் எண்ண முடியாமல் வெடித்தது. மூடியைத் திறந்ததும் பொரி பொங்கி வெளியே வழிந்தது. சின்னப் பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். அக்கா அவர்களை விரட்டிவிட்டு, அடியில் கிடந்த பொரியாத மணிகளைப் பொறுக்கி எண்ணினார். ஆறு.

"தொண்ணூத்தி நாலு" என்றார். ஒரு பொரியை வாயில் போட்டு மென்றார். பிறகு பக்கத்தில் உருட்டி வைத்திருந்த டிரம்முக்குள் கையை விட்டு மணியை அள்ளி உருட்டிப் பார்த்தார். ரோட்டில் பரப்பியிருந்த சோளத்தைப் பார்த்தார்.

"ரோட்டுல காயவெச்ச சரக்குக்கு இவ்ளோ ஈரம் எப்பிடி வந்துச்சு? தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?"

எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமாலையின் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கத் தொடங்கியது. நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பழி என்னோடு போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

"ஊத்தினோம்" என்றார் என் வீட்டுக்காரர். ரோட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "கிலோவுக்கு அம்பது மில்லி. நான்தான் ஊத்தினேன். நாந்தான் ஜாஸ்தி காயவெச்சுக் கெடுத்தேன். தேவிதான் கண்டுபுடிச்சா. ஊத்தறதுக்கு முன்னாடி போட்ட எடை இதோ நோட்டுல கீது, அதுக்குத்தான் சரக்கு."

"அப்பன மாதிரியே" என்று பூமாலை ஆரம்பித்தார்.

"ஆமாண்ணே, அதே தண்ணிதான்" என்றார் இவர். "அவரு ஒளிச்சு ஊத்துனாரு."

பூமாலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். விஜயலட்சுமி அக்காவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எட்டையும் எடுத்துக்கறேன். அந்த அம்பது மில்லிய ஒழுங்கா எழுதிக் குடுங்க. சித்திரை வெயில்ல என் கடைச் சரக்கும் பாதி பொரியாமப் போவுது, ஏன்னே தெரியாமக் கீறேன்" என்றார்.

நான் எழுதினேன். மூடின டப்பா, மூன்று நாள், தினமும் மூன்று முறை உருட்டணும் என்று எழுதி முடிப்பதற்குள், என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் ஊர் நின்றுகொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"தேவி, ஆடியில இன்னா வெக்கலாம்?"

எனக்குச் சட்டென்று எந்தப் பயிரின் பெயரும் வாயில் வரவில்லை. அழுதுகொண்டே, "யோசிச்சு சொல்றேங்க" என்றேன்.